கண்ணாடிப் பெட்டிக்குள் நாய்முகச் சாமி

காலை ஒன்பது மணி. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து நாய்முக அனுபிஸ் சிலையைக் கையில் எடுத்த நாகவள்ளி, அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தாள்.

“சார், இது பழைய வெண்கலம் இல்ல. புதுசா வார்த்து, மேல பாசி நிறம் ஏத்தியிருக்காங்க. ஒரிஜினல் எங்க?”

பாலமுரளியின் முகம் சுண்டிப்போயிற்று. அல் ஐனில் இருந்த அந்தத் தனியார் காட்சிக்கூடத்துக்கு அவர்தான் மேனேஜர். எகிப்துக் கடவுள்களை வைத்து மாதக்கணக்கில் நடத்திய கண்காட்சி நேற்றோடு முடிந்திருந்தது. அனுபிஸுக்குச் சொந்தக்காரர் புஜைராவில் இருந்தார். சிலையைச் சரிபார்த்து அவரிடம் திருப்பி அனுப்பத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி இந்த மதுரைக்காரியை அனுப்பியிருந்தது.

“இர்ஷாத்! ஷட்டரை இறக்கு. ஒருத்தரும் வெளிய போகக் கூடாது!”

செக்யூரிட்டி இர்ஷாத் பட்டனை அமுக்கினான். ஷட்டர் கடகடவென்று இறங்கித் தரையில் மோதியது. மாப்பும் வாளியுமாக நின்ற சிவரூபி சட்டென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பார்க்க மாட்டாளா பின்னே? இன்று சாயங்காலம் அவளுக்கு ஃபிளைட். நாளை மறுநாள் யாழ்ப்பாணத்தில் மகளுக்குக் கல்யாணம். அப்பன் இல்லாத பிள்ளை. தாயும் போய் நிற்காவிட்டால் அது ஒரு கல்யாண வீடா?

பாலமுரளி சுற்றிலும் பார்த்தார். அவரைத் தவிர இருந்தது நாலே பேர்: நாகவள்ளி, இர்ஷாத், சிவரூபி, ஓரமாக நின்ற விமல். மனுஷனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. விரல் நேராகச் சிவரூபியைக் காட்டியது.

“நேத்து மத்தியானம் உள்கண்ணாடி துடைக்கணும்னு இவளுக்குத்தான் பெட்டியைத் திறந்து விட்டோம். கேமராவுல பாருங்க, பக்கத்துல வேற ஆளே கிடையாது. கையில வாளி வேற. உள்ள எதை வேணாலும் போட்டுக்கிட்டுப் போகலாம்.”

“நான் எடுக்கேல்லை சேர்! சத்தியமா எடுக்கேல்லை!”

“போலீஸ்ல சொல்லிக்கோ. கேஸ் விழுந்தா நாட்டை விட்டு நகர முடியாது. ஃபிளைட்டை மறந்துடு.”

வாசலுக்கு ஷட்டர். ஷட்டருக்கு இர்ஷாத். இர்ஷாத்துக்கு மேலே மேனேஜர். பாஸ்போர்ட்டோ அந்த மேனேஜரின் மேசை டிராயரில். எலிப்பொறிக்காவது ஒரு கதவுதான். இங்கே எந்தக் கதவைத் தட்டுவது என்று சிவரூபிக்கு விளங்கவில்லை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

பாலமுரளி போனை எடுத்தார். நாகவள்ளி குறுக்கே கையை நீட்டினாள்.

“பண்ணுங்க சார், வேண்டாங்கல. மத்தியானம் வரைக்கும் பொறுங்க. தப்பான ஆளப் பிடிச்சுக் குடுத்துட்டு, அப்புறம் நீங்கதான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணும்.”

அது அவருக்கு உறைத்தது. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

நாகவள்ளி சிவரூபியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“இங்க எப்பக்கா வந்தீங்க?”

“போன மாசம்தான். அதுக்கு முதல் அபுதாபியில ஒரு வீட்டில நிண்டனான்.”

“அப்ப கண்காட்சி நடந்துக்கிட்டிருந்துச்சு?”

“ஓம். சாமியள் எல்லாம் ஏற்கனவே பெட்டிக்குள்ளதான்.”

“நேத்து சிலையைத் தொட்டீங்களா?”

“சாமியை நான் ஏன் தொடுறன்? எங்கட ஊரில வைரவருக்கு நாய்தான் வாகனம். இவர் நாய்முகத்தோடையே நிக்கிறார். கண்ணாடியைத் துடைச்சுப்போட்டு, ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனனான்.”

“கும்பிட்டாளாம்!” என்று பாலமுரளி சிரித்தார்.

நாகவள்ளிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இதுல சிரிக்க என்ன சார் இருக்கு? எகிப்துலயும் இதேதான் நடந்துச்சு. விடிஞ்சதும் பூசாரி சன்னதியைத் திறந்து, சாமியைக் கழுவி, துணி மாத்தி, படையல் வச்சிட்டுத்தான் வெளிய வருவார். அவங்களுக்கு இது வெறும் வெண்கலம் இல்ல, சாமி வந்து தங்குற உடம்பு. அதுலயும் இந்த அனுபிஸ் செத்தவங்களுக்குத் துணை. தராசுல நெஞ்சை வச்சு எடை போடுற இடத்துல நிக்கிறவர். நீங்கதான் அவரைச் சாமானா ஆக்கி வச்சிருக்கீங்க.”

அதோடு எழுந்துபோய் மற்றச் சிலைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். பருந்துமுக ஹோரஸ் இடது காலை எடுத்து வைத்து நின்றார். கொக்குமுகத் தோத்தும் அப்படியே. பூனைமுகப் பாஸ்டெட் அம்மன் காலைச் சேர்த்து வைத்து நின்றாள். கடைசியாக, மேசைமேல் இருந்த அனுபிஸிடம் வந்தாள். வலது கால் முன்னே, கையில் கோல், விறைத்த காது. அவர் நின்றிருந்த பீடத்தில் இரண்டு பித்தளைக் கொக்கிகள். சிலை சாய்ந்துவிடாமல் பாதங்களைக் கவ்விப் பிடிப்பதற்கு.

மணி பதினொன்றைத் தாண்டியது. சிவரூபியின் போன் அடித்தது. மகள். எடுத்து என்னத்தைச் சொல்ல? அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாகவள்ளி, பீடங்கள் செய்யும் விமலைக் கூப்பிட்டாள். கும்பகோணத்துப் பையன், கைவேலையில் கெட்டிக்காரன்.

“பீடமெல்லாம் உங்க வேலையா?”

“எல்லாமே என் கைதான் மேடம்.”

“இந்தக் கொக்கியை எப்ப செஞ்சீங்க?”

“திறப்பு விழாவுக்கு முன்னாடி.”

“சிலையை வச்சு அளவெடுத்தா?”

“பின்ன? ஒரிஜினலை நிக்க வச்சு, பாதத்துக்குத் தக்கன வளைச்சேன். மயிரிழை பிசகாது.”

“அதுக்கப்புறம் கழட்டி மாத்தினீங்களா?”

“அடியில வெல்டு மேடம். நானே நெனச்சாலும் இங்க வச்சுக் கழட்ட முடியாது. வேற யாரையும் கிட்டவே விடமாட்டேன்.”

“பாலமுரளி சார், புஜைராவுல இருந்து சிலை வந்த அன்னைக்கு பேக்கிங் பெட்டியைப் பிரிச்சது யாரு?”

“விமல்தான்… வேலைக்கு நடுவுல நான் எங்க பார்த்தேன்? சிலை பீடத்துல நின்னுடுச்சுன்னு சொன்னான், சரின்னேன்.”

நாகவள்ளி போலிச் சிலையைத் தூக்கிப் பீடத்தில் நிறுத்தினாள். முன்கொக்கி வலது பாதத்தையும் பின்கொக்கி இடது பாதத்தையும் கச்சிதமாகக் கவ்விக்கொண்டன.

“நல்லாப் பொருந்துதுல்ல? அதுதான் வினையே. எகிப்துல நடந்து வர்ற ஆண் சாமியைச் சிலையா வடிச்சா, இடது காலைத்தான் முன்னால வைப்பாங்க. இதயம் இருக்கிற பக்கம்னு சிலர் சொல்றாங்க. காரணம் யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. ஆனா பழக்கம் மட்டும் ஆயிரக்கணக்கான வருஷமா மாறல. ஹோரஸைப் பாருங்க, தோத்தைப் பாருங்க. வலது காலை எடுத்து வச்சு வான்னு சொல்றது நம்ம வீட்டுலதான். இந்த அனுபிஸை வார்த்தவன் நம்ம ஆளு.”

பாலமுரளி குனிந்து பார்த்தார். நிமிரவில்லை.

“ஒரிஜினலுக்கு இடது கால் முன்னால. அதை இங்க நிறுத்தினா முன்கொக்கி வெறுங்காத்தைத்தான் பிடிக்கும். அப்ப, திறப்பு விழாவுக்கு முன்னாடியே இந்தக் கொக்கி போலிக்குன்னே வளைச்சது. ஒரிஜினல் இந்தப் பீடத்துல ஒரு நாளும் நின்னதே இல்ல. இந்த அக்கா வேலைக்கு வந்ததே போன மாசம். எடுத்தது யாருன்னு நான் சொல்லணுமா விமல், நீங்களே சொல்றீங்களா?”

விமல் வாசலைப் பார்த்தான். ஓடவா முடியும்? ஷட்டர் அவனுக்கும் சேர்த்துத்தான் இறங்கியிருந்தது.

“சிலை வர்றதுக்கு முன்னாடி கிடைச்ச போட்டோவை நேர் முன்னாலிருந்து எடுத்திருந்தாங்க மேடம். எந்தக் கால் முன்னாலன்னு புரியல. வலது காலாத்தான் இருக்கும்னு நெனச்சு, லீவுல ஊருக்குப் போனப்ப வார்த்துட்டு வந்துட்டேன். பெட்டியைப் பிரிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. திரும்ப வார்க்க நேரமில்ல. சாமி மூஞ்சியைத்தானே எல்லாரும் பார்ப்பாங்க, காலை யாரு பார்க்கப்போறாங்கன்னு விட்டுட்டேன்.”

“ஒரிஜினல்?”

“என் ரூம்ல. கண்காட்சி முடிஞ்சு இது புஜைராவுக்குப் போயிட்டா, அப்புறம் கைமாத்தலாம்னு…”

“பழி இந்த அக்கா தலைல விழுந்தப்ப வாயை மூடிக்கிட்டு நின்னியேடா பாவி!” என்று கத்தினான் இர்ஷாத். அவன் ஷட்டரை விட்டு நகர்ந்து விமலின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். பாலமுரளி போலீசுக்குப் போன் செய்தார்.

பேசி முடித்ததும் நாகவள்ளி அவரிடம் சொன்னாள்: “அக்கா இதுக்குச் சாட்சிகூட இல்ல. அவங்க வர்றதுக்கு முன்னாடி நடந்த கதை. விடுங்க, ஃபிளைட்டுக்கு நேரமாச்சு.”

பாலமுரளி டிராயரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து வந்தார். குரலில் இப்போது தேன் வழிந்தது.

“மனசுல வச்சுக்காதீங்க சிவரூபி. டென்ஷன்ல ஏதோ பேசிட்டேன். கல்யாணத்தை நல்லபடியா முடிச்சிட்டு டியூட்டிக்கு வந்துடுங்க. வந்ததும் பாஸ்போர்ட்டை ஞாபகமா என்கிட்ட குடுத்துடணும், என்ன?”

சிவரூபி அதை வாங்கித் திறந்து தன் படத்தை ஒருமுறை பார்த்தாள். மூடினாள்.

“இனி இது என்னட்டத்தான் இருக்கும், சேர். நான் திரும்பி வரமாட்டன்.”

இர்ஷாத் ஓடிப்போய்ப் பட்டனை அமுக்கினான். ஷட்டர் இடுப்பளவு ஏறுவதற்குள்ளேயே அவள் குனிந்து வெளியே போய்விட்டாள்.