பரஸ்தான மூட்டை

மற்றதெல்லாம் காய்ந்துவிட்டது. பிள்ளையின் நீலச் சட்டை மட்டும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் வேட்டி, துண்டு, சேலை என்று ஒவ்வொன்றாகக் கரிச்சூட்டில் காயவைத்து மடித்தாயிற்று. அந்தச் சட்டையின் ஓரத்திலிருந்து மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை பிழிந்தாலும் சொட்டியது. கண்மணி எரிச்சலோடு தரையைத் துடைக்கக் குனிந்தபோதுதான் கவனித்தாள், ஈரம் உலர்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

டிசம்பர் மழையில் சிராங்கூன் சாலையில் என்னதான் நாறாது? மாட்டுக் கொட்டகைகளின் ஊறிப்போன வைக்கோலும் சாணமும், நிரம்பி வழியும் கால்வாயின் சேறும், நனைந்த கோணிச் சாக்குகளும் சேர்ந்து வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். அதெல்லாம் பழகிய நாற்றம். ஆனால் இன்று சமையலறையில் வீசியது கடல் வாடை. அலை ஒதுக்கிய பாசியும் செத்த நண்டும் கலந்த வாடை. 

கடல் என்ற பேச்சை எடுத்ததே அவள் கணவன் மருதப்பன்தான். துறைமுகத்துச் சரக்கு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. கிறிஸ்துமஸுக்கு ஆபீஸ் மூடினால் வெள்ளைக்காரத் துரைமார்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிறார்களாம். நமக்கு மட்டும் என்ன கேடு என்று கிளம்பிவிட்டான். கூட வேலை பார்க்கும் துரைசாமிக்குத் தெரிந்த யாருடைய ஓலை வேய்ந்த அத்தாப்புக் குடிசையோ ஒரு தீவில் சும்மா கிடந்ததாம்.

"அடைமழையில எவனாச்சும் தீவுக்குப் போவானா?" என்று கேட்டாள்.

"சிங்கப்பூருல மழைக்குப் பயந்தா சோறு திங்க முடியுமா?" என்றான். பிடித்தால் குரங்குப்பிடிதான்.

ஆசை துரைமார்களுடையது, பயம் மட்டும் நம்முடையது. பஞ்சாங்கம் பார்க்காமல் அவன் வாசற்படி தாண்டமாட்டான். நல்ல நேரம் வியாழக்கிழமை காலையில் விழுந்தது. ஆபீஸ் விடுவதோ சனிக்கிழமை. அதற்கும் வழி இருக்கவே இருக்கிறது. பரஸ்தானம். நல்ல நேரத்தில் ஆளுக்கொரு துணியும் கொஞ்சம் அரிசியும் மஞ்சளும் சேர்த்து மூட்டையாகக் கட்டி அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. ஆள் பிறகு போய்ச் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் வைத்தவர்கள் கிளம்பித்தான் ஆகவேண்டும்; ஆள் போகாவிட்டாலும் பயணம் போய்விடும் என்பார்கள்.

மூட்டையைக் கண்மணிதான் கொண்டுபோனாள். இரண்டு வீடு தள்ளி, மளிகைக்கடை ஹனீபாவின் மனைவி சம்சுன்னிசாவிடம் கொடுத்தாள். மருதப்பனின் வேட்டி ஒன்று, அவளுடைய பச்சைச் சேலை. மகள் தங்கத்தின் நீலச் சட்டை அன்றைக்குக் காயவில்லை. "புள்ளையோடது பின்னால வரும்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை அடித்த காற்றில் எதிர்வரிசைக் கூரை பறந்தது. தங்கத்துக்கு நான்கு வயது. அவளைச் சம்பான் படகில் உட்காரவைத்து அந்தக் கடலில் போவதா? கண்மணி அழுது ஆர்ப்பாட்டம் செய்து பயணத்தை நிறுத்திவிட்டாள். இன்று சனிக்கிழமை. ஆபீஸ் விட்டதும் மருதப்பன் வீட்டுக்கு வராமல் நேரே துரைசாமியிடம் சீட்டாடப் போயிருப்பான். கோபம் வந்தால் அதுதான் வழக்கம்.

மூட்டை நினைவு அவளுக்கு இப்போதுதான் வந்தது.

பாயில் தூங்கிய தங்கத்துக்குப் போர்வையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டு வரிசையின் முன்னால் ஓடும் அஞ்சடிப் பாதையில் ஓடினாள். மழை விட்டும் தூவானம் விடவில்லை. பொழுது சாயும் முன்பே இருட்டிக் கிடந்தது.

"அக்கா, அந்த மூட்டையக் குடுங்க. பயணம் இல்லன்னு ஆயிருச்சி."

சம்சுன்னிசா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். "என்னம்மா சொல்றே? மத்தியானமே நீயும் உன் வீட்டுக்காரரும் வந்து வாங்கிட்டுப் போனீங்களே."

"நானா?"

"நீதான். தொப்பலா நனைஞ்சிருந்தே. உள்ள வந்து தலையத் துவட்டுன்னேன், வாசலோட நின்னுட்டே. அந்தப் பச்சைச் சேலைதான் கட்டியிருந்தே."

பச்சைச் சேலை மூட்டைக்குள் அல்லவா இருந்தது? "நான் ஏதாச்சும் பேசுனேனா?"

"புள்ள எங்கேன்னு கேட்டேன். அன்னைக்குச் சொன்னதத்தான் சொன்னே. புள்ளையோடது பின்னால வரும்னு." சம்சுன்னிசா அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். "என்னம்மா ஆச்சு?"

கண்மணி திரும்பினாள். சேறு தெறிக்க ஓடிவந்தாள். கதவு சாத்தியபடியே இருந்தது. தங்கம் பாயிலேயே கிடந்தாள், போர்வைக்கு வெளியே ஒரு கால் நீட்டியபடி. அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அப்போதுதான் மூச்சே வந்தது. கதவுக்குக் குறுக்குக் கட்டையைப் போட்டாள். விளக்கைத் தூண்டிவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். அவர் வரட்டும். வந்ததும் எல்லாம் சொல்லிவிடலாம். ஓட்டின் மேல் தூறல் விழும் ஓசையும், கொட்டகையில் ஏதோ ஒரு மாடு தும்முவதும், உள்ளே சமையலறையில் சட்டை சொட்டுவதும் மாறிமாறிக் கேட்டன. டப். டப். அந்தச் சத்தத்தை எண்ணாமல் இருக்க முயன்றாள். முடியவில்லை.

அஞ்சடியில் காலடி கேட்டது. செருப்பில்லாத ஈரக் கால்.

"கண்மணி, கதவத் திற."

மருதப்பன் குரல். அப்பாடா என்று எழுந்தாள். கட்டையில் கை வைத்தாள். வைத்த கை நின்றது. வாசலில் குடையை மூன்று உதறு உதறாமல் அவன் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இன்று உதறவில்லை. கதவிடுக்கு வழியே கடல் வாடை வந்தது.

"யாரு?" என்றாள்.

வெளியே யாரோ மெல்லச் சிரித்தார்கள். ஒரு பெண்.

"தங்கம், வாடா கண்ணு. போகலாம்."

அது கண்மணியின் குரல். காலையில் பிள்ளையை எழுப்புகிற அதே குரல், அதே இழுப்பு. கண்மணி கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. சத்தம் வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. சமையலறையில் சொட்டுவது நின்றிருந்தது.

திரும்பினாள். பாய் காலி. சமையலறைக் கயிறும் காலி. தங்கம் எதிரே நின்றுகொண்டிருந்தாள். நீலச் சட்டையைத் தானே போட்டிருந்தாள். பொத்தான் மாறியிருந்தது. காலடியில் தண்ணீர் பெருகியது.

கண்மணி முழங்காலிட்டுப் பிள்ளையை அள்ளப் போனாள். தங்கம் மிரண்டு பின்வாங்கினாள். தெருவில் தெரியாதவர்கள் தூக்க வந்தால் எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தாள்.

"எங்கம்மாகிட்டப் போகணும்," என்றாள்.

இறுக்கிப் பிடித்தாள். ஈரச் சட்டை வழுக்கியது. மீண்டும் பிடித்தாள். மீண்டும் வழுக்கியது.

பிள்ளை அவளைத் தாண்டிப் போய் இரண்டு கையாலும் கட்டையைத் தூக்கினாள். கதவு ஒரு சாண் திறந்தது.

இடுக்கில் ஒரு கை நீண்டது. ஊறி வெளுத்த கை, விரலிடுக்கெல்லாம் மணல். மணிக்கட்டில் சிவப்புக் கண்ணாடி வளையல்கள், அவற்றில் ஒன்று ஓரம் உடைந்தது. கண்மணி தன் கையைப் பார்த்தாள். அதே வளையல்கள். அதே உடைசல்.

தங்கம் சிரித்துக்கொண்டே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.