சேருது

தர்ம ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலைக்கு நான் போய்ச் சேர்ந்தது 1966 ஆடி மாதம். கல்மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மீன் கூடைகளுக்கு நடுவே புகுந்து நடந்தால் ஐந்து நிமிடம். பழைய உப்புக் கிடங்கு ஒன்றைத் தடுத்து லேப் ஆக்கியிருந்தார்கள். அதன் சுவர் சித்திரை வெயிலிலும் வியர்க்கும். வார்டு நடையைப் பார்த்தபடி மரக்கதவு போட்ட ஒரு சின்ன ஜன்னல். நர்ஸ்கள் அதைத் தட்டி நோயாளியின் ரத்தத்தைக் கொடுப்பார்கள். நான் சோதித்து, சீட்டு எழுதி, அதே வழியாக நீட்டுவேன். உட்கார்ந்த இடத்தில் சம்பளம் என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

என் வேலையில் உயிர் போகிற காரியம் ஒன்றுதான். ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால், நோயாளியின் ரத்தநீரில் பாட்டில் ரத்தத்தைச் சொட்டு விட்டு வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஒரே சீராகக் கலங்கி நின்றால் ஏற்றலாம். ரவை மாதிரி திரிந்து கட்டி கட்டியாகச் சேர்ந்தால் ஏற்றக் கூடாது. ஏற்றினால் அதே கூத்து உடம்புக்குள் நடக்கும். கட்டி விழுவதை லேப்காரர்கள் நாங்கள் ‘சேருது’ என்போம். நர்ஸ்கள் ‘சேருதா?’ என்று கேட்டால் அதற்கு வேறு அர்த்தம்: இந்த ரத்தம் இவளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று. ஒரே சொல், நேர் எதிர் அர்த்தம். அதனால்தான் வாயால் சொல்லாதே, சீட்டில் எழுது என்று சட்டம் வைத்திருந்தார்கள். சட்டமெல்லாம் எனக்குத் தெரியும். சோம்பேறி நான்.

மறு வருஷம் சீனியம்மாளைக் கொண்டு வந்தார்கள். தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்த மாசானத்தின் மனைவி. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். ஆண் குழந்தை பிறந்தது, உதிரம் நிற்கவில்லை. நர்ஸ் ஐரீன் ஓடி வந்து ஜன்னலைத் தட்டினாள்.

“லூயிஸ், சேருதா?”

நான் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ரவை ரவையாகத் திரிந்துகொண்டிருந்தது. சீட்டு எழுதுவதென்றால் பேனாவைத் தேட வேண்டும்.

“சேருது” என்றேன்.

ஜன்னல் விளிம்பில் நின்ற பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் ஓடிவிட்டாள். நான் திரும்பிப் பார்க்கும்போது விளிம்பு காலி. ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். அவள் எடுத்துப் போனது வேறு ஏதாவதாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சீனியம்மாள் கட்டிலோடு சேர்த்து நடுங்கினாள். இடுப்பு பிளக்கிறது என்று அலறினாள். சிறுநீர் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இறங்கியது. மறுநாள் செத்துப்போனாள்.

“சேராதுன்னுதான் சொன்னேன். அவங்க காதுல சரியா வுழல” என்று விசாரணையில் சத்தியம் பண்ணினேன். ஐரீன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். நான் வீட்டுக்குப் போய் மீன்குழம்பு ஊற்றி இரண்டு தட்டுச் சோறு தின்றேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

எட்டாம் நாள் பிற்பகல் மூன்று மணி. ஸ்பிரிட் நெடி மட்டுமே அடிக்கும் என் அறையில் வேறொரு வாசனை எழுந்தது. சுக்கு, பெருங்காயம், கருப்பட்டி. பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கும் காயத்தின் வாசனை.

ஜன்னலில் தட்டும் சத்தம். மெதுவாக, நகத்தால்.

“அண்ணாச்சி, சேருதா?”

கதவைத் திறந்தேன். நடையில் ஒருவரும் இல்லை. மரவிளிம்பு ஈரமாக இருந்தது. தொட்டேன். விரல் கருப்பாக வந்தது.

அதற்குப் பிறகு மாதம் இரண்டு தடவையாவது வருவாள். நான் பதில் சொல்லாவிட்டால் அவளுக்குக் கோபம் வரும். ஒரு நாள் மரக்கதவு என் இடது கைமேல் அறைந்து விழுந்து இரண்டு விரல் நகம் பெயர்ந்தது. இன்னொரு நாள் சந்தேகத்தில் என் ரத்தத்தையே எடுத்து என் ரத்தநீரோடு கலந்து பார்த்தேன். ஒரு மனுஷனின் ரத்தம் அவனுடைய நீரிலேயே திரியாது.

திரிந்தது.

வேலையை விட்டிருக்கலாமே என்பீர்கள். விட்டால் ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவளைவிட அதிகம் பயந்தேன். அன்றிலிருந்து சீட்டு இல்லாமல் ஒரு சொட்டு ரத்தம்கூட என் அறையைத் தாண்டவில்லை. அந்தச் சொல்லை வாயில் எடுப்பதையும் விட்டேன்.

1968 ஐப்பசி. மூன்று நாள் விடாத மழை. என் மனைவி ஃப்ளோராவுக்கு நாள் இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவளை எந்தக் காரணத்துக்காகவும் இந்த ஆஸ்பத்திரிக்குள் விடக்கூடாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் பேர் எழுதி வைத்திருந்தேன். அவளானால் பகல் பன்னிரண்டுக்குக் குடையும் டிபன் கேரியருமாக வாசலில் வந்து நிற்கிறாள்.

“காலைல துன்னாம வந்துட்டியே, அதான். திட்டாத” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே வயிற்றைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். பேசின் பிரிட்ஜ் பக்கம் இடுப்பளவு தண்ணீர், வண்டி எதுவும் போகாது என்றார்கள்.

இரண்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டேகாலுக்கு நர்ஸ் ஜீனத் ஃப்ளோராவுடைய ரத்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“நிக்கவே இல்ல லூயிஸண்ணே. டாக்டரு சீக்கிரம் பாக்கச் சொன்னாரு.”

ஃப்ளோராவின் ரத்த வகையில் இருந்ததே இரண்டு பாட்டில்தான். இரண்டையும் வைத்தேன். முதல் பாட்டில் கலந்த உடனே திரிந்தது. அதை ஒதுக்கித் தொட்டி ஓரமாக வைத்தேன். இரண்டாவது கலங்கலாக நின்றது. ஆனால் அவசரப்படக் கூடாது, அரை மணியாவது சூட்டில் இருக்க வேண்டும். அவள் போனால் எனக்கு இந்த உலகத்தில் ஒருத்தரும் கிடையாது. மாதாவே என்று குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மழைச் சத்தம் நின்றுபோனது.

ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

காயத்தின் வாசனை தொண்டையை அடைத்தது.

“அண்ணாச்சி, சேருதா?”

துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டேன்.

“சேருதா?”

பல் கிட்டித்தது. குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்போது என் தோளுக்குப் பக்கத்தில், அறைக்கு உள்ளே இருந்து, என் குரல் சொன்னது.

“சேருது.”

திரும்பினேன். ஆள் இல்லை. மரக்கதவு திறந்து மூடிய காற்று முகத்தில் பட்டது. தொட்டி ஓரம் காலியாக இருந்தது.

அறைக் கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் போடாத கதவு. மறுபக்கம் யாரோ முதுகைக் கொடுத்து நிற்பதுபோல இறுகியிருந்தது. துண்டைத் துப்பிவிட்டுக் கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. எவ்வளவு நேரம் மோதினேனோ, கதவு தானாக விட்டது. இரண்டாவது பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

முதல் பாட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கால் பங்கு இறங்கிவிட்டது.

“இடுப்பு வுட்டுப்போச்சுங்க” என்றாள் ஃப்ளோரா. உதடு நீலம். “கையெல்லாம் எரியுது.”

ஊசியைப் பிடுங்கினேன். ஜீனத் என் கையைப் பிடித்தாள். “ரெண்டு தபா கேட்டேன் அண்ணே. சேருதுன்னு நீங்கதான சொன்னீங்க? சீட்டும் குடுத்தீங்களே.”

சீட்டை நீட்டினாள். என் கையெழுத்து. ஒரே ஒரு சொல்.

டாக்டர் என்னைத் தள்ளிவிட்டு, குழாய் ஊசி எல்லாவற்றையும் மாற்றி, சரியான பாட்டிலை ஏற்றினார். அன்று முழுக்கவும் மறுநாளும் சிறுநீர் கருப்பாக இறங்கியது. நான் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தேன். சீனியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஐரீனை அழைத்துவந்து ஊரறிய உண்மையைச் சொல்கிறேன் என்று கெஞ்சினேன்.

மூன்றாம் நாள் சிறுநீர் தெளிந்தது. “கெட்டியான பொம்பள. பொழச்சிட்டா” என்றார் டாக்டர். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குழந்தையை வாங்கி அவள் பக்கத்தில் கிடத்தினேன்.

ஃப்ளோரா கண்ணைத் திறந்தாள். குழந்தையைப் பார்த்தாள். ஒரு விரலால் அதைத் தன்னிடமிருந்து தள்ளி வைத்தாள்.

“இது யாரு புள்ள?”

“நம்ம புள்ளதான். பொண்ணு.”

“எனக்கு ஆம்பளப் புள்ளைலா பொறந்துச்சு, அண்ணாச்சி” என்றாள். “எங்க வீட்டு அவியள வரச் சொல்லுங்க.”

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள் ஃப்ளோரா. தாம்பரத்துக்குத் தெற்கே அவள் போனதே இல்லை.

கால் எங்கே கொண்டுபோகிறது என்று தெரியாமல் நடந்தேன். லேப் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தேன். மணி மூன்று இருக்கும். நடையில் ஒருவரும் இல்லை, பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

ஜன்னலில் யாரோ தட்டினார்கள்.

காயத்தின் வாசனை இல்லை. ஃப்ளோரா தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் வாசனை.

“இன்னாங்க,” என்றது மெல்லிய குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. “உள்ள வுட மாட்றாங்க. பாப்பா பால் குட்சிச்சா?”