உம்மாவின் நிறை

இரவுச் சோற்றை விட்டு, தேத்தண்ணிக்குச் சீனியை விட்டு, சுபஹ் தொழுத கையோடு கடற்கரையில் வேர்க்க வேர்க்க நடந்துவிட்டு வந்து தராசில் ஏறிய றம்லா, போன கிழமை நின்ற இடத்தைத் தாண்டி ஊசி நிற்பதைக் கண்டாள். இறங்கி மறுபடி ஏறினாள். இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றது.

சீனி வருத்தம் தொடங்கிவிட்டது, நிறையைக் குறைக்காவிட்டால் காலுக்கு ஆபத்து என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவளுடைய உம்மாவும் இதே வருத்தத்தால் கால் ஒன்றை வெட்டியெடுத்த பிறகுதான் மௌத்தானவர். அந்தப் பயத்தில் றம்லா சாப்பாட்டை இன்னும் குறைத்தாள். நடையைக் கூட்டினாள்.

சிலாவத்துறைக் கரையில் காற்று கருவாட்டு வாடையைச் சுமந்து வீச, ஈர மணலில் காலடி புதையப் புதைய நடக்கும்போது, அலைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. யாரோ வாயை மூடிக்கொண்டு ஆறுதலாக மென்று விழுங்கும் சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது. வீடு திரும்புகையில் விருந்து உண்டவள்போல் வயிறு கனத்தது. ஏப்பத்தில் பால்மா மணத்தது.

பால்மாவை அவள் தொடுவதே இல்லை. வீட்டில் அதைக் குடிப்பவள் மகள் முஸ்பிரா மட்டும்தான்.

பிறகொரு காலை, ஏப்பத்தில் முட்டைப் பொரியல் மணத்தது. ஓட்டமும் நடையுமாக வந்து பார்த்தாள். முட்டை தின்ற கோப்பையை வழித்து நக்கிக்கொண்டிருந்தாள் முஸ்பிரா. பள்ளிச் சட்டை தோளை விட்டு வழுகியது. முழங்கைகள் குச்சியாகத் தெரிந்தன.

"உம்மா, இன்னும் தாங்க. பசிக்குது."

மீன்பிடிக்கப் போய்க் கடலால் வந்த கணவன் பவ்ஸானிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை உயருகிற வயது, மெலியத்தான் செய்யும் என்றான். பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"உண்மையைச் சொல்லு றம்லா. ஒளிச்சு வெச்சுத் தின்னுறியா?"

அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

தன் பங்கைத் தானே தின்றால் பிள்ளையின் பங்கு பிள்ளைக்கு மிஞ்சும் என்று நினைத்தாள். நடையை நிறுத்தினாள். முஸ்பிராவோடு ஒரே சகன் தட்டின் முன் அமர்ந்து வயிறு முட்டச் சோறு தின்றாள். ஊசி ஏறியது. பிள்ளையின் விலா எலும்புகளை எண்ணலாம்போல் இருந்தது. மெல்லும் சத்தத்துக்கு இப்போது கடற்கரை வேண்டியிருக்கவில்லை. துணி துவைக்கும்போது கேட்டது. தொழுகையில் கேட்டது. உள்ளேயிருந்து.

ஒரு மத்தியானம் விரலை விட்டு வாந்தியெடுத்தாள். கொய்யாத் துண்டு ஒன்று விழுந்தது. அவள் கொய்யா தின்னவில்லை. துண்டில் சின்னப் பற்களின் தடம்.

கிளினிக்குக் கூட்டிப்போக மகளைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் இருத்திய பவ்ஸான், அப்படியே நின்றுவிட்டான். திரும்பவும் தூக்கினான். றம்லாவை அவன் பார்க்கவில்லை.

கிளினிக்கில், றம்லா பக்கத்தில் நிற்க, மருத்துவமாது தக்சிகா பிள்ளையைத் தராசில் ஏறி நிற்கச் சொன்னாள். ஊசி அசையவில்லை. தராசைத் தட்டினாள். தானே ஏறினாள், ஊசி ஓடியது. மறுபடி பிள்ளையை ஏற்றினாள்.

அசையவில்லை.

"இது தராசுப் பிழைதான்," என்றாள் தக்சிகா. மேசை லாச்சியைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். "முதல்ல இதைச் சாப்பிடுங்கோ செல்லம்."

வேண்டாம் என்று சொல்ல றம்லா வாயைத் திறந்தாள். நாக்கில் இனிப்பு பட்டது. பல் தானாக அரைத்தது.

தராசில் நின்றபடி முஸ்பிரா கடித்தாள். மென்றாள். கண்கள் உம்மாவின் மேலேயே இருந்தன.

விழுங்கியது றம்லாவின் தொண்டை.