தன்னைப் போல் ஒருவர்

சுடலைமுத்துவை, சுடலைமுத்து என்று கதவு ஒப்புக்கொள்ளவில்லை.

"அறியாதவர். விலகி நிற்கவும்" என்றது ஆள்மானி. அவர் பின்வாங்கி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி நடந்து வந்தார். மறுபடியும் அதே பதில். பின்னால் காலை ஷிஃப்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து கிளாரா பார்த்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரத்து அமோனியாக் கிடங்கு அது. அங்கே யார் எந்தக் கதவைத் திறக்கலாம், எந்த வால்வைத் தொடலாம் என்று முடிவு செய்யும் அணுக்க அதிகாரி அவள். அடையாள அட்டை, கடவுச்சொல், கைரேகை எல்லாம் ஒழிந்து வருடங்களாகிவிட்டன. அட்டையைத் திருடலாம், கடவுச்சொல்லைக் கறக்கலாம், ரேகையை ரப்பரில் வார்க்கலாம். ஒருவனுடைய நடையை, மூச்சின் தாளத்தை, பேச்சின் நடுவே அவன் எங்கே நிறுத்திச் சிரிக்கிறான் என்பதை யார் திருட முடியும்? தரையிலும் சுவரிலும் பதித்த உணரிகளால் ஆள்மானி எல்லோரையும் ஓயாமல் அளந்தது. அவர் அவராகத்தான் இருக்கிறாரா என்பதற்கு நூற்றுக்கு ஓர் எண் போட்டது. எண்பதுக்குக் கீழே இறங்கினால் எதுவும் திறக்காது.

சுடலைமுத்துவின் எண் நாற்பத்தொன்று. அவருடைய ஒரே மகன் பைபாஸில் லாரி மோதி இறந்திருந்தான். காரியம் முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார்.

"மேடம், நரை விழுத வரைக்கும் இந்தப் பம்பு ரூம்லதான் கிடந்திருக்கேன். நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அதுக்குத் தெரியலையே."

மேலாளர் கோதண்டம் எளிதாகச் சொல்லிவிட்டார்: "புது ஆளாப் பதிஞ்சுடும்மா." புது ஆள் என்றால் நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளன். பதவியும் மூப்பும் பழைய ஆளோடு போய்விடும். பழைய ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டவன் ஆகிவிடுவான்.

கிளாராவுக்கு மனசு கேட்கவில்லை. அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஆள்மானியின் சேமிப்பிலிருந்து அவருடைய பழைய படங்களை ஓடவிட்டாள். திரையில் ஒரு மனிதர் தோளை ஆட்டியபடி வந்தார், வழியில் யாரையோ கேலி செய்தார், அடித்தொண்டையில் சிரித்தார்.

சுடலைமுத்து வெகுநேரம் பார்த்தார். "இந்த ஆளு யாரு மேடம்? நல்லாச் சிரிக்கான்."

"இவரை மாதிரி நடந்து காட்டுங்க அண்ணாச்சி. காலை இழுக்காதீங்க. அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கீழ இருந்து வரணும்."

அவர் நடந்தார். சிரித்தார். எண் ஐம்பதுக்கு ஏறி அங்கேயே நின்றது.

"இங்க மட்டும் செஞ்சா ஒட்டாது. வீட்லயும் அப்படியே இருந்து பழகுங்க" என்றாள் கிளாரா.

அந்த மாதக் கடைசியில் சுடலைமுத்து தொண்ணூற்று நான்கோடு உள்ளே போனார். மகன் உயிரோடு இருந்த காலத்தில்கூட அவர் அவ்வளவு எடுத்ததில்லை.

ஒரு நல்ல காரியம் செய்ததாகவே கிளாரா நினைத்தாள்.

ஆவணி மாதத்து மதியம் ஒன்றில் பம்பு அறையில் குழாய் இணைப்பு விட்டுப்போயிற்று. சங்கு அலறியது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த பொறியாளர் வால்வை மூடச் சொல்லி ஆள்மானிக்குக் குரலால் ஆணையிட்டார். நாடி தறிகெட்டு, குரல் கீச்சிட்டிருந்தது. "அறியாதவர்" என்றது ஆள்மானி. அடுத்தவர் முயன்றார். அவரும் அறியாதவர். உயிருக்குப் பயந்தவர்களில் ஒருவரும் தன்னைப் போல இல்லை. காற்று காலனிப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அங்கே பள்ளிக்கூடம் விடாத நேரம்.

சுடலைமுத்து முகமூடியை மாட்டிக்கொண்டார். தோளை ஆட்டியபடி பம்பு அறைக்கு நடந்தார். "என்னல, எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கீங்க?" என்று கேட்டு அடித்தொண்டையில் சிரித்தார். கதவு திறந்து, அவர் பின்னால் மூடிக்கொண்டது.

அவர் வால்வைக் கையால் திருகி அடைப்பதைக் கிளாரா தடித்த கண்ணாடி வழியே பார்த்தாள். வாயு அளவுமானியின் முள் இறங்கியது. யாரோ கைதட்டினார்கள். அவர் திரும்பும்போது முகமூடியின் விளிம்பு நெகிழ்ந்துவிட்டது. இருமினார். முழங்கால் மடிந்து, தவழ்ந்து கதவடிக்கு வந்தார்.

உள்ளே நுழைந்த திருடன் வெளியே தப்பிவிடக் கூடாது என்பதற்காக உட்புறமும் ஆள்மானி வைத்திருந்தார்கள். தவழ்கிறவரை அது அறியவில்லை.

அதை மீறித் திறக்கும் உரிமை ஒரே ஒரு குரலுக்கு உண்டு. "திற!" என்று கத்தினாள் கிளாரா.

"அறியாதவர்."

"நான் கிளாரா! கதவைத் திற!"

"அறியாதவர். விலகி நிற்கவும்."

கண்ணாடிக்கு அப்பால் அவருடைய உள்ளங்கை வந்து ஒட்டியது. கிளாரா அதைப் பார்க்காமல் திரும்பி நின்றாள். பார்த்தால் குரல் வராது. கண்களை மூடி, சாவகாசமான ஒரு காலைப் பொழுதில் தான் எப்படிப் பேசுவாள் என்று யோசித்தாள். மூச்சை அடக்கி, கொஞ்சம் சலிப்போடு, "கதவைத் திற" என்றாள்.

கதவு திறந்தது. கை சரிந்து வெளியே விழுந்தது. அதில் உயிர் இல்லை.

விசாரணை விரைவாக முடிந்தது. இயந்திரத்தில் பிழை இல்லை. ஊழியர்கள்தான் நெருக்கடியில் தாங்களாக இருக்கப் பழகவில்லை என்று முடிவு கட்டினார்கள். "நீ அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை எல்லாருக்கும் சொல்லிக் கொடும்மா" என்றார் கோதண்டம். "ஒரு ஊரே பொழைச்சிருக்கு." அதற்குத் தன்னிலைப் பயிற்சி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கிளாராவின் உதவியாளர்கள் உடனே வகுப்புகளைத் தொடங்கினார்கள்.

அவள் சுடலைமுத்துவின் வீட்டுக்குப் போனாள். அவருடைய மனைவி முப்பிடாதி வாசலுக்கு வந்தாள். அழுத முகமாக இல்லை.

"நீங்கதான் கதவு மேடமா? உக்காருங்க."

கிளாரா துக்கம் சொல்லத் தொடங்கியபோது முப்பிடாதி கையமர்த்தினாள்.

"எனக்கு அழுகை வரல. என்னைத் தப்பா நெனைக்காதீங்க. புள்ளையை எரிச்ச சூடு ஆறல, அந்த மனுசன் வீட்டுக்குள்ள தோளை ஆட்டிக்கிட்டு நடக்காரு. சோறு போட்டா கேலி பேசுதாரு. ராத்திரி கண்ணாடி முன்னால நின்னு சிரிக்காரு. பெத்த புள்ளையை மறந்த ஆளோட எனக்கென்ன பேச்சுன்னு விட்டுட்டேன். கடைசி வரைக்கும் ஒத்த வார்த்தை பேசல."

கிளாராவுக்குப் பேசாமல் எழுந்து போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பத்தொன்றைச் சொன்னாள், படங்களைச் சொன்னாள், வீட்டிலும் பழகச் சொன்னது தான்தான் என்பதையும் சொன்னாள்.

முப்பிடாதி அசையாமல் கேட்டாள். "அப்போ மறக்கலையா?" என்றாள்.

"மறக்கல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்பீங்க. மறுநாள் எண் இறங்கியிருக்கும். அந்தப் பயம் அவருக்கு."

முப்பிடாதி அப்போதுதான் அழத் தொடங்கினாள். தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். கிளாராவும் அழுதாள். அடக்க முயலவில்லை.

மறுநாள் காலை கிளாரா கிடங்குக்கு வந்தாள். வீங்கிய கண்களோடு, கால் போன போக்கில் நடந்து கதவின் முன் நின்றாள்.

"அறியாதவர். விலகி நிற்கவும்."

அவள் விலகி நின்றாள். பின்னால் வரிசையில் இருந்தவன் சுடலைமுத்துவோடு ஒரே ஷிஃப்டில் வேலை செய்த பையன். அவருக்குப் பாடை தூக்கியவன். அவன் கண்களைத் துடைத்துக்கொண்டான், தொண்டையைச் செருமினான், முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு துள்ளி நடந்தான். கதவு திறந்தது. அவனுக்கு அடுத்து நின்ற பெண், என்றோ ஒருநாள் முணுமுணுத்த பாட்டைத் தேடிப் பிடித்து முணுமுணுத்தாள். கதவு திறந்தது. ஒருவர் பின் ஒருவராக, அவரவரைப் போலவே சிரித்தபடி எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.