புதுநன்மை விருந்தில் ஒரு சிவப்பு பாட்டில்

ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணி. ஓமந்தூரை அடுத்த காலனியில், தன் வீட்டு வாசலில் போட்ட பாயில் சவுரிராயன் செத்துக் கிடந்தான். உள்ளே பிரியாணி சாப்பிட்ட இலைகளைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அன்று காலையில்தான் மாதா கோயிலில் அவன் மகள் அஸ்வினிக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கிய பிள்ளை, வெள்ளை கவுனும் பூக்கிரீடமுமாக அடுத்த வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தது. அதன் உடையை மாற்றிவிட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ஜெசிந்தா குனிந்து பிணத்தின் கைகளைப் பார்த்தாள். இரண்டு கைகளிலும் விரல் நுனிகள் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தன. நகக்கண்களிலும் அதே நிறம்.

"விரலைப் பாருங்க சார்."

"ஒயின் கறை. சிந்தியிருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர், குனியாமலேயே.

பிளாஸ்டிக் மேசையில் அந்தப் பாட்டில் நின்றது. சிவப்பு ஒயின். நந்தி மலைச் சரிவில் விளைந்த இரண்டு வகைத் திராட்சைகளின் கலவை என்று லேபிள் பெருமையடித்துக்கொண்டது. மேசை விரிப்பில் சிந்தியிருந்த ஒயின் காய்ந்து கத்திரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தது. ஜெசிந்தா விரிப்பைப் பார்த்தாள், மறுபடியும் விரல்களைப் பார்த்தாள். ஏதோ இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை.

"பாட்டில் யாரு கொண்டாந்தது?"

"நான்தாங்க." பெரியதம்பி முன்னால் வந்தான். இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு வேன் வைத்து ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி. இஸ்திரி கலையாத சட்டை, துக்க வீட்டுக்கு ஏற்ற முகம். "சவுரி வேல செய்யற தோட்டத்து ஒயினுங்க இது. புள்ளைக்கு விசேஷமாச்சேன்னு எடுத்தாந்தேன்."

"யார் யார் குடிச்சீங்க?"

"நானு, பக்கத்து ஊட்டு துரைக்கண்ணு, சவுரி. மூணு பேரும் ஒரே பாட்டில்தான். எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆவலியே?"

"சவுரிராயனுக்குத் தோட்டத்துல என்ன வேலை?"

"கவாத்து. கொடிய வெட்டி வுடறது. அது மட்டுந்தாங்க. மருந்து தடவுற வேலைய பொம்பளைங்க பாத்துப்பாங்க."

சவுரிராயனின் மனைவி செண்பகம் சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"அவரு சரக்க வுட்டு ரெண்டு வருசமாவுதுங்க மேடம். மாதா மேல சத்தியம் பண்ணிக் குடுத்தாரு. இது சரக்கு இல்லீங்க, திராட்ச ரசம். மொதல்ல வேணாம்னுதான் சொன்னாரு. அப்பறம் குடிச்சாரு. ரெண்டாவது டம்ளரு முடியறதுக்குள்ள மூஞ்சி, கழுத்து, நெஞ்செல்லாம் ரத்தமா ஏறிடுச்சு. தல பொளக்குதுன்னாரு, வாந்தி எடுத்தாரு. மூச்சு வாங்கிக்கினே சாஞ்சவருதான்."

"வேணாம்னு ஏன் சொன்னாரு?"

செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள். இன்ஸ்பெக்டருக்கு அது போதுமாக இருந்தது. வீட்டில் கோழிக்கூண்டுக்குப் பின்னால் பாதி பிதுக்கிய எலி பேஸ்ட் ட்யூபும் கிடைத்துவிட்டது.

"பழைய குடிகாரன், சலிச்சுப்போன பொண்டாட்டி, எலி மருந்து. பாட்டில்ல இல்லைன்னா பிரியாணியில இருக்கு. அல்வா மாதிரி கேஸு ஜெசிந்தா. வெள்ளிக்கிழமை கோர்ட்டுல நிறுத்திடலாம்."

கைது என்று சொல்லவில்லை, விசாரணை என்றார்கள். வீட்டுக்கும் அனுப்பவில்லை. இந்த வித்தை ஜெசிந்தாவுக்குப் பழகியதுதான். ஆனாலும் ஸ்டேஷன் பெஞ்சில் செண்பகம் கேட்ட ஒரே கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. "அஸ்வினி யார் ஊட்டுல இருக்கா?" சவுரிராயனுக்குக் கூடப்பிறந்தவன் ஒருத்தன் இருந்து அவனும் போன வருஷம் செத்துவிட்டான். செண்பகத்துக்கு யாருமில்லை. தாய் உள்ளே போனால் அந்த ஒன்பது வயதுப் பிள்ளை தெருவில்தான்.

செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா சொந்த லீவில், சொந்தக் காசில் பெங்களூர் பஸ் ஏறினாள். அன்று பிற்பகல் நந்தி மலை அடிவாரத்துத் தோட்டத்தில் நின்றாள். செம்மண்ணும் பாறையுமான நிலம். திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை போடுவார்களே, ஏறக்குறைய அதே மண். காற்றுதான் வேறு, வெயிலிலும் சில்லென்றிருந்தது. கீழ்ச் சரிவில் ஒரு வகைத் திராட்சை, மேட்டில் இன்னொரு வகை. தனித்தனியாகப் பறித்து, தனித்தனியாகப் புளிக்க வைத்து, கடைசியில்தான் ஒன்றாகக் கலக்கிறார்கள். அந்தக் கலவைக்குத்தான் பட்டணத்தில் அவ்வளவு மவுசு. இப்போது பழமும் இல்லை, இலையும் இல்லை. கம்பிகளில் வெட்டிவிட்ட மொட்டைக் கொடிகள் வரிசை வரிசையாக நின்றன.

வரப்பில் ஒரு பெண் பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். கப்பைப் பிடித்திருந்த விரல்கள் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தன.

ஜெசிந்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண் திருவெண்ணெய்நல்லூர்க்காரி, பேர் வீரம்மாள்.

"இது இன்னா சாயம்?"

"மருந்துங்க. கவாத்து வெட்டுனதும் மொட்டுல தடவுனா அல்லாம் ஒண்ணா துளுக்கும். தடவுனது எது, தடவாதது எதுன்னு தெரியணும்ல, அதுக்கு கலர் போட்டுக் குடுப்பாங்க. கம்பெனி கையுறை குடுக்குதுன்றாங்க, நாங்க கண்ணால பாத்ததில்ல. மேஸ்திரியோட போவுது."

"கையில பட்டா?"

"பட்டா ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு வாரத்துக்கு சரக்கு பக்கமே தல வெச்சுப் படுக்கக் கூடாது. உள்ள போயிருக்கிற மருந்தும் சரக்கும் சேந்தா ஆளையே தூக்கிடும். போன வருசம் சவுரி அண்ணனோட தம்பி அன்புச்செல்வன் அப்பிடித்தான் செத்துது. மருந்து தடவுற வேல முடிஞ்ச அன்னிக்கு மேஸ்திரியே பிராந்தி வாங்கிக் குடுத்தாரு, மாரடைப்புன்னு சொல்லி பொணத்தப் பொட்டலம் கட்டி ஊருக்கு அனுப்பிட்டாரு. அதுலேர்ந்து டெய்லி காலையில அவரே சொல்வாரு, சரக்கு தொடாதீங்கன்னு."

"தம்பி இப்படித்தான் செத்தான்னு சவுரிராயனுக்குத் தெரியுமா?"

"இப்பத்தான் தெரிஞ்சுது. விசேஷம் முடிஞ்சு வந்து கம்பெனி பெரியவருகிட்ட சொல்றேன்னு மேஸ்திரி எதிருலயே சத்தம் போட்டுது. ஆம்பளைங்கள மருந்துக்குப் போடவே மாட்டாங்க மேடம். கடைசி ரெண்டு நாளு அண்ணன மட்டும் போட்டாரு."

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். அவளும் வாராவாரம் பூசைக்குப் போகிறவள்தான். சாமியார் பீடத்தில் திராட்சை ரசக் கிண்ணத்தைத் தூக்கும்போது அதில் இருப்பது சாராயம் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமை செண்பகம் "ரசம்" என்றபோதும் தோன்றவில்லை. தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

வியாழக்கிழமை ஆய்வகத்திலிருந்து வாய்வழியாகச் சேதி வந்தது. எலி மருந்து இல்லை. பாட்டிலிலும் பிரியாணியிலும் எந்த விஷமும் இல்லை. அன்று மாலை பெரியதம்பியை ஸ்டேஷனுக்கு வரவழைத்தார்கள். இன்ஸ்பெக்டர் மேசைக்குப் பின்னால் இருந்தார். ஜெசிந்தா நின்றுகொண்டே பேசினாள்.

"சவுரிராயனைக் கொன்னது நீதான் பெரியதம்பி."

"அதே பாட்டில நானும் குடிச்சேனே."

"தைரியமா குடிச்ச. பாட்டில்ல விஷம் இல்லைன்னு உனக்குத் தெரியும். விஷம் அவன் உடம்புல இருந்துச்சு. ரெண்டு நாளு வெறுங்கையால மருந்து தடவ வெச்சு நீதான் ஏத்தின. சார், அந்த விரல்ல இருந்தது ஒயின் இல்ல. ஒயின் காய்ஞ்சா கத்திரிப்பூ கலராவும், விரிப்புல அப்படித்தான் இருந்துச்சு. விரல்ல இருந்தது மருந்துச் சாயம். அவன் கவாத்து மட்டுந்தான் வெட்டினான்னு நீ சொன்ன. மருந்தைப் பத்தி நான் கேக்கவே இல்லையே, நீயா ஏன் சொன்ன?"

பெரியதம்பி இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

"சரக்குன்னா அவன் தொடமாட்டான். சத்தியமும் இருக்கு, நீ தெனம் சொன்னதும் காதுல இருக்கு. அதனாலதான் ஒயின் கொண்டாந்த. பூசையில சாமியார் குடிக்கிறதை எங்க ஜனங்க சரக்குல சேக்கமாட்டாங்கன்னு உனக்குத் தெரியும். தம்பி சாவுல கத்துக்கின வித்தைய அண்ணன் மேல காட்டிட்ட."

பெரியதம்பி சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டான். பிறகு பெரியதம்பி மெதுவாகச் சொன்னான். "நான் பாட்டில மேசையில வெச்சேன் மேடம், அவ்ளோதான். அவன் வேணாம்னான். ஊத்திக் குடுத்தது அவன் பொண்டாட்டிதான், துரைக்கண்ணுவ கேளுங்க."

இன்ஸ்பெக்டர் அவனை வெளியே அனுப்பிவிட்டு ஜெசிந்தாவைப் பார்த்தார். முதல்முறையாக அவர் குரலில் கிண்டல் இல்லை.

"நீ சொல்றது நிஜம்தாம்மா. ஆனா அந்த மருந்து உடம்புல இருந்ததுக்கு ரிப்போர்ட்ல ஒரு வரி இல்ல. விரல் சாயத்தை யாரும் எடுத்து வைக்கல, பாடியையும் புதைச்சாச்சு. மேஸ்திரிய மீறி அந்தப் பொம்பளை கோர்ட்டுக்கு வருவாளா? கொலைன்னு எழுதினா ஊத்தினவதான் முதல் குற்றவாளி, இவன் ரெண்டாவது. இவன் ஜாமீன்ல ஜல்தியா வந்துடுவான். அவளுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட யாரு இருக்கா? வேணாம், அவளை வீட்டுக்கு அனுப்பு. குடிச்சதுல மூச்சடைச்சுப் போயிட்டான்னு முடிச்சிடுறேன்."

கையுறைக்கு வக்கில்லாத ஒரு வேலையில் அண்ணனும் தம்பியும் போய்விட்டார்கள். கொன்றவன் வாசலில் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. ஜெசிந்தாவுக்கு எதையாவது தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது.

பெஞ்சில் இருந்த செண்பகத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மறைப்பதற்கு அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? செண்பகம் கடைசிவரை கேட்டாள்.

"கையில மருந்து இருக்கு, வேணாம்னுதான் சொன்னாரு மேடம். மேஸ்திரி சிரிச்சாரு. 'சாமியாரு குடிக்கிறதுதானடா'ன்னாரு. நானும் ஆமான்னேன். புள்ள புதுநன்மை எடுத்திருக்குது, ரசந்தானே, குடின்னு நான்தான் ஊத்திக் குடுத்தேன். லேசா தல வலிக்குதுன்னு சொன்னப்பறந்தான் ரெண்டாவது டம்ளரு குடுத்தேன். வெயில் சூடு, தணியும்னு நெனச்சேன்."

ஜெசிந்தா அவள் தோளில் கை வைத்தாள். செண்பகம் அதைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"கேஸ் எழுதுங்க மேடம். ஊத்துனது நான்னு எழுதுங்க. என் பேர மொதல்ல போடுங்க, அதுக்குக் கீழ அவன் பேரையும் போடுங்க. நான் எத்தினி வருசம்னாலும் உள்ள இருக்கேன்."

"அஸ்வினி?" என்றாள் ஜெசிந்தா.

செண்பகம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அப்போ அவன் ஆள் ஏத்திக்கினு போய்க்கினேதான் இருப்பான், இல்லீங்களா மேடம்?"

"ஆமா," என்றாள் ஜெசிந்தா. கேஸில் எழுதப்போகிற பொய்க்கு மேல் இன்னொரு பொய்யை அந்தப் பெண்ணிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.