ஜன்னலில் ஒரு வட்டம்

ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்கப் பனிக்கட்டி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அதில், குவளையின் வாய் அளவுக்கு ஓர் இடம் மட்டும் யாரோ துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருந்தது. மெழுகுவர்த்திச் சூட்டில் உருகியிருக்கும் என்று கேத்தி நினைத்துக்கொண்டாள். ஆனால் மெழுகுவர்த்தி இருந்தது ஜன்னலின் இந்த ஓரத்தில். வட்டம் அந்த ஓரத்தில்.

மதியமே கரண்டு போய்விட்டது. ஒன்டாரியோவில் டிசம்பர் மாதம் ஐந்து மணிக்கெல்லாம் கும்மிருட்டு. வாடகை வீட்டில் உடனிருந்த மூன்று பெண்களும் கிறிஸ்துமஸுக்குத் தங்கள் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். கேத்தியின் வீடு ஜார்ஜியாவில், கருங்கடல் ஓரத்தில், பதுமியில் இருக்கிறது. நினைத்தவுடன் போய்வருகிற தூரமா அது?

பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் டோரீன் முந்தைய நாள் பெட்டி நிறையச் சாமான்களோடு வந்திருந்தார். கம்பளி, டப்பா உணவு, கண்ணாடிச் சீசாவுக்குள் வைத்த தடித்த மெழுகுவர்த்திகள். சாமானைவிடப் பேச்சு அதிகம். விழுந்ததும் உறைகிற மழை வரப்போகிறதாம்.

"மழைன்னா எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம் டோரீன். பதுமில வருஷம் பூரா மழைதான்" என்றாள் கேத்தி.

"உங்க ஊரு மழை விழுந்தா ஓடிடும் பொண்ணே. எங்க ஊரு மழை விழுந்த இடத்துலயே உக்காந்துக்கும். மரம், கம்பி, கதவு, எல்லாத்து மேலயும். கரண்டு போச்சுன்னா ஒரே ரூம்ல இரு, கதவிடுக்குல துண்டைத் திணி. குளிருதுன்னு கரி அடுப்பை உள்ள மூட்டினே, அப்புறம் உங்கம்மாவுக்கு நான்தான் போன் பண்ணணும்."

"சரி, சரி."

"ஜன்னல்ல மெழுகுவர்த்தியை ஏத்தி வை. வெளிச்சம் இருந்தா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். யாராவது வந்து எட்டிப் பார்ப்பாங்க. இங்க அப்படித்தான்." வாசல்வரை போனவர் திரும்பினார். "யூனிவர்சிட்டி ஜிம்ல ராத்திரி தங்கக் கட்டில் போட்டிருக்கோம். பசங்க நிறையப் பேர் வர்றாங்க. நீயும் வாயேன்."

"படிக்கணும்" என்றாள் கேத்தி. எல்லோரும் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், எனக்குக் கூட்டம் ஏது என்று எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. டோரீன் போய்விட்டார்.

இப்போது தெருவில் ஈ காக்கை இல்லை. பனியின் கனம் தாங்காமல் எங்கோ ஒரு கிளை முறியும், கண்ணாடிப் பாத்திரங்களைக் கொட்டியதுபோல் சரசரவென்று ஏதோ சரியும், பிறகு மெழுகின் வாடையும் ஈரக் கம்பளியின் வாடையும் அவளுடைய மூச்சுச் சத்தமும் மட்டும் அந்த அறையில் மிஞ்சும். கால் விரல்கள் மரத்துப்போயின. அம்மா அனுப்பிய, வால்நட்டைக் கோத்துத் திராட்சைப் பாகில் தோய்த்த மிட்டாய்ச் சரத்தைக் கடித்தால் அதுவும் கல்லாக இருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வட்டத்தின் அருகே போனாள்.

கண்ணாடியில் விரலை வைத்தாள். சூடு.

மெழுகுவர்த்திச் சூடு இல்லை. காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டதுபோன்ற சூடு. வெளிப்பக்கத்தில் ஆவி படர்ந்தது, மறைந்தது, மறுபடி படர்ந்தது. ஜன்னலடியில் புதர்கள் பனிக்கட்டி பூசி நிற்கின்றன. ஒரு பூனை நடந்தாலும் நொறுங்கும். எதுவும் நொறுங்கவில்லை.

பின்வாங்கிப் பக்கச் சுவர் ஜன்னலுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கேயும் பனியில் ஒரு புள்ளி கரைந்தது. அது அகன்றது. அவள் முகத்துக்கு நேராக.

முன் ஜன்னலுக்கு ஓடி வந்தாள். அதுவும் வந்தது. ஆனாலும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சூடு அவளுக்குப் பிடித்திருந்தது. பல நாட்களாக அவளை யாரும் தொட்டதில்லை. உள்ளங்கையை மெல்ல வட்டத்தின் மேல் பதித்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து, சரியாக அவள் உள்ளங்கைக்கு நேராக, ஒரு தட்டு.

கையை இழுத்துக்கொண்டாள். போன் அடித்தது. டோரீன்.

"அப்பாடா, எடுத்தியே. உன்னை ஜிம்முக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வரேன். முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதே. காரை முனையில விட்டுட்டு நடந்து வரேன். மெழுகுவர்த்தி எரியுதா?"

"எரியுது."

"அணைச்சுடாதே. எல்லா வீடும் ஒரே பளபளப்பா இருக்கு, எது யாருதுன்னே தெரியல."

"டோரீன், ஜன்னல்கிட்ட..."

"ஜன்னல்கிட்ட என்ன?"

சொன்னால் அவர் திரும்பிவிடக்கூடும். ஆள் கூட்டிக்கொண்டு வர எவ்வளவு நேரமாகுமோ. அதுவரை இதனோடு தனியாக.

"ஒண்ணுமில்ல. சீக்கிரம் வாங்க" என்றாள். போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது.

வட்டத்தின் வழியே தெரு தெரிந்தது. டார்ச் வெளிச்சம் ஒன்று ஆடி ஆடி வந்தது. டார்ச்சுக்குப் பின்னால் டோரீனின் குள்ளமான, தடித்த உருவம். ஆணி பதித்த காலணிகள் பனியை நறுக் நறுக்கென்று கடிக்கும் சத்தம். கேத்திக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

அப்போது வட்டம் ஓரத்திலிருந்து உறைய ஆரம்பித்தது. சின்னதாகி, இன்னும் சின்னதாகி, மூடிக்கொண்டது.

ஜன்னலில் இப்போது ஒன்றும் இல்லை. அது போய்விட்டது.

எங்கே?

"டோரீன், வராதீங்க!"

இரட்டைக் கண்ணாடி. அதன்மேல் பனி. காலடிச் சத்தத்தில் டோரீனுக்கு அவள் குரல் கேட்கவில்லை போலும். வாசலுக்கு ஓடினாள். கதவு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தோளால் மோதினாள். மறுபடி மோதினாள்.

நறுக். நறுக்.

நின்றது.

கூச்சல் இல்லை. ஆள் விழுந்த சத்தமும் இல்லை. கேத்தி ஜன்னலுக்கு ஓடிவந்து மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். தாமதமாக. வெளியே தரையில் டார்ச் விழுந்து கிடந்திருக்க வேண்டும். அதன் வெளிச்சம் கீழிருந்து ஏறிக் கண்ணாடிப் பனி முழுவதையும் பால் வெள்ளையாக்கியது.

அந்த வெள்ளையில், பழைய இடத்தில், வட்டம் மெல்லத் திறந்தது.

அதன் பக்கத்தில், ஒரு சாண் கீழே, டோரீனின் முக உயரத்தில், இன்னொன்று.

இரண்டும் சேர்ந்தே விரிந்தன. சேர்ந்தே சுருங்கின.