பச்சைத் துணியில் தீய்ந்த தடம்

ஜெரோம் படியேறி வந்து நின்றபோது மணி ஒன்றரை. கீழே காந்திபுரத்து டவுன் பஸ்கள் ஒன்றையொன்று முட்டாத குறையாக இரைந்துகொண்டிருந்தன.

"ஏனுங்க, தீப்புடிச்ச விசயமெல்லாம் பாக்கற ராஜுலு சார் ஊடு இதுதானுங்களா?"

டைப்ரைட்டருக்குப் பின்னாலிருந்து பொற்கொடி தலையைத் தூக்கினாள். "ஆபீசுங்க. ஊடு பின்னால. என்ன எரிஞ்சுபோச்சு உங்களுக்கு?"

"என் பொழப்புங்க."

சுந்தரராஜுலு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மில் தீவிபத்துகளைச் சோதித்தவர். சாம்பலைக் கிளறிப் பார்த்தே, தானாகப் பிடித்ததா வைத்ததா என்று சொல்லிவிடுவார். பொற்கொடி அவருக்கு டைப் அடிப்பவள். அவர் வாய் திறப்பதற்குள் நாலு பேரைக் குற்றவாளியாக்கிவிடுவாள்.

உட்காரச் சொல்லியும் ஜெரோம் நின்றுகொண்டே சொன்னான். பெரியநாயக்கன்பாளையத்தில் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மண் சுமந்தவன். எட்டு வருஷமாகத் திருமலைசாமியின் ஸ்னூக்கர் கிளப்பில் மார்க்கர். பந்து அடுக்கி, பாயிண்ட் சொல்லி, மேசை துடைத்து, ஆள் இல்லாத நேரத்தில் ஆடிப் பழகினான். இப்போது அவனுக்குச் சமமாக நிற்க முகமது ரியாஸ் ஒருவன்தான். நாளை மூன்று மணிக்கு அதே கிளப்பில், மெட்ராஸ் சங்கம் நடத்தும் ஆட்டம் இருவருக்கும். ஜெயித்தவன் இங்கிலாந்துக்குப் போய்த் தொழில்முறை ஆட்டக்காரர்களின் தகுதிச் சுற்றில் ஆடலாம்.

"காத்தால ஒம்பது மணிக்கு முதல் மேசைத் துணிய இஸ்திரிப்பொட்டியில தேச்சனுங்க. பொட்டிய ஆஃப் பண்ணி, ஒயரச் சுத்தி, அலமாரில வெச்சுப்போட்டு ஊட்டுக்குப் போனேன். ஊட்டுக்காரி மெர்சி சட்டையத் தொவைச்சு வெச்சிருந்தா. பதினோரு மணிக்குத் திரும்பறேன், மொதலாளி வாசல்லயே மறிக்கறாரு. சூடான பொட்டியத் துணிமேல மறந்து வெச்சுட்டுப் போயிட்டயாமா. மேசைய நாசம் பண்ணினவன் அதுல ஆடக்கூடாதாமா. அஞ்சு மணிக்கு மெட்ராஸ் சங்கத்துக்கு ஃபேக்ஸ் போகுதுங்க. என் பேரு போச்சு."

"பாஸ்போர்ட்?"

"மொதலாளி பீரோவுலங்க. தொலைச்சுப்போடுவேன்னு வாங்கி வெச்சிருக்காரு."

ராஜுலு தலையசைத்தார். "தீய்ஞ்ச எடத்தப் பாத்தயா தம்பி?"

"உள்ளயே உடலீங்க."

"மேசைய எப்படித் தேய்ப்பே? நிதானமாச் சொல்லு."

பெயர் போகிற நேரத்தில் இது என்ன கேள்வி என்று இருந்தது ஜெரோமுக்கு. ஆனாலும் சொன்னான். "துணியில பொடி மயிர் படுத்திருக்குமுங்க. கோடு போட்ட பக்கத்துல ஆரம்பிச்சுக் கறுப்புப் பந்து பக்கமா, ஒரே ஓட்டம். முனைக்குப் போனதும் பொட்டியத் தூக்கிட்டு மறுபடி கோட்டுக்கு வரோணும். எதிர்ல இழுத்தா மயிர் எந்திரிச்சுக்கும், பந்து வளைஞ்சு ஓடும். பிரஷ் போட்டாலும் அப்படித்தானுங்க."

கிளப் ஒரு லாட்ஜின் இரண்டாம் மாடியில் இருந்தது. வாசலில் திருமலைசாமி. ஜெரோமைப் பார்த்து அவர் காலைக் குறுக்கே நீட்டியதும் ராஜுலு மெதுவாக, "பையன் எங்கூட வந்திருக்கானுங்க" என்றார். கால் விலகியது.

முதல் மேசையில் கறுப்புப் பந்து வைக்கும் இடத்துக்கு அருகே, தேய்ப்புப்பெட்டியின் அச்சு கறுத்துக் கிடந்தது. கூர்முனை கோட்டைப் பார்த்திருந்தது. ஜெரோம் வாய் திறக்கப் போனான். ராஜுலு விரலை உயர்த்தினார். அவர் டார்ச்சைத் துணியோடு படுக்கவைத்து அடித்தார். தடத்தைச் சுற்றி ஒரு முழத்துக்கு மயிர் அங்கும் இங்கும் கலைந்து நின்றது.

காலையில் அங்கே வந்தவர்கள் மூன்று பேர். ரியாஸ் பத்து மணிக்குத் தனியாக இரண்டாவது மேசையில் பழகினான். நஞ்சம்மாள் கூட்டிப் பெருக்கினாள். அப்புறம் முதலாளி. மூவரும் இப்போதும் அங்கேதான் இருந்தார்கள்.

"ரியாஸ்தான் சார்," பொற்கொடி கிசுகிசுத்தாள். "ஆடாமயே ஜெயிச்சுப்போடலாமே."

"இருக்கலாம் அம்மணி. ரெண்டாவது மேசையில தூசி இருக்குது. மூணு பேரும் ஒவ்வொருத்தரா வந்து பிரஷ் போடட்டும்."

முதலில் ரியாஸ். "சந்தேகப்பட்டா நேராக் கேளுங்க சார். இவனை அடிச்சு ஜெயிக்கோணும்னுதான் ஆறு மாசமாத் தூக்கமில்லாம இருக்கறேன்" என்று முறைத்தபடியே கோட்டுப் பக்கம் போய் நின்று, கறுப்புப் பந்து பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனான். நஞ்சம்மாளும் அதேபோலத்தான். "ஜெரோம் கண்ணு தெனமும் இப்படித்தானுங்களே போடும்?"

கடைசியாகத் திருமலைசாமி. நின்ற இடத்திலேயே நின்று, சோபாவைத் தட்டுவதுபோல முன்னும் பின்னும் இழுத்தார்.

ராஜுலு எல்லாரையும் முதல் மேசையைச் சுற்றி நிற்கவைத்தார்.

"ஜெரோம் மறந்து வெச்சிருந்தா முனை கறுப்புப் பந்து பக்கம் பாக்கோணும். இது கோட்டப் பாக்குது. இதை வெச்சவரு, தேய்க்கறப்ப எரிஞ்சமாதிரி தெரியட்டும்னு சட்டைக்குத் தேய்க்கறாப்பல முன்னயும் பின்னயும் இழுத்திருக்காரு. ஆடறவன் கை அப்படிப் போகாது. தெனமும் பாக்கற நஞ்சம்மா கையும் போகாது. கல்லாவுல மேசைக்கு முதுகு காட்டி எட்டு வருஷம் உக்காந்தவரு ஒருத்தருதான் இங்க இருக்காரு."

"என் மேசைய நானே எரிக்கறதுக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது?"

"மேசைக்கு வேற துணி போட்டுக்கலாம். வேற ஜெரோம் கெடைக்கமாட்டான். அதான் பாஸ்போர்ட்டும் உங்க பீரோவுல."

திருமலைசாமியின் கழுத்து நரம்பு புடைத்தது. "ஆமா! மண்ணு சொமந்தவனைக் கூட்டியாந்து கியூக் கோலைக் கையில குடுத்தது நானு! இவன் ஆட்டத்தப் பாக்கத்தான் கூட்டமே வருது. பறந்து போயிட்டா நான் யாரை வெச்சுக் கிளப் நடத்தறது?"

பொற்கொடி கல்லாமேல் கிடந்த ஃபேக்ஸ் தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள். "ஜெரோம் ஆடறான்னு வேற லெட்டர் நான் அடிச்சுத் தாரேனுங்க. இல்லீன்னா சாரோட ரிப்போர்ட்டு மெட்ராஸ் போகும். எது வேணுமுங்க?"

பீரோ திறந்தது. ஜெரோம் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டான்.

"நாளைக்கு ரெண்டாவது மேசை," என்றான் ரியாஸ். "தப்பிச்சுட்டேன்னு நெனைக்காத மாப்ள. இனித்தான் இருக்குது உனக்கு."

"தோத்துப்போட்டு எங்கடா போவே?" திருமலைசாமி பல்லைக் கடித்தார். "இங்கதான் வருவே."

அது பொய்யில்லை என்று ஜெரோமுக்குத் தெரியும். தோற்றால் இந்தப் படி, இல்லையென்றால் அந்த மண் சட்டி. மூன்றாவது வழி நாளை மூன்று மணிக்குத் திறக்கும். திறக்காமலும் போகும். அவன் பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் செருகினான். இரண்டாவது மேசைமேல் கிடந்த பிரஷை எடுத்து முதலாளியின் கையில் வைத்தான்.

"நாளைக்கு நான் ஆடறவனுங்க, மார்க்கரில்லை. மேசை சுத்தமா இருக்கோணும்." கோட்டைக் காட்டினான். "இங்கிருந்து அங்க. ஒரே பக்கமுங்க, மொதலாளி."